அழுகை திரும்பி வந்திருக்கிறது, அக்கா

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 36. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் டவுனுக்கு வந்துவிட்டோம். அம்மாவுக்கு இனிப்புநீர் வியாதி. ஒரு காலை எடுத்தார்கள். அப்புறம் சிறுநீரகமும் போய், நான்கு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக நான் ஃபேக்டரி வேலையை விட்டேன். அந்த வருடங்களிலும் அப்பா குடித்துக்கொண்டுதான் இருந்தார். போன வருடம் அம்மா இறந்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து எனக்குத் தூக்கம் போனது, சாப்பாடு போனது. அழுகைகூட வரவில்லை, கல் மாதிரி கிடந்தேன். அரசாங்க கிளினிக்கில் மனச்சோர்வு என்று சொல்லி செர்ட்ரலின் கொடுத்தார்கள். சபையிலும் எனக்காக உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். ஐந்து மாதத்தில் எழுந்துவிட்டேன். வேலைக்குப் போகிறேன். ஆண்டவர் தொட்டார் என்றே நம்புகிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் 'முழு விடுதலை' என்று சாட்சி சொல்லும்படி பாஸ்டர் கேட்டிருக்கிறார்.

ஆனால் ஒரு மாதமாக அழுகை திரும்பி வந்திருக்கிறது, அக்கா. டயாலிசிஸ் சென்டர் இருக்கிற ரோட்டில் மோட்டாரில் போக முடியவில்லை. அப்பாவைப் பார்த்தால் கை நடுங்குகிறது. ஆண்டவர் மேலும் கோபம் வருகிறது. 'துக்கத்தின் ஆவிக்கு இடம் கொடுக்காதே, பாட்டுப் பாடி விரட்டு' என்கிறார் பாஸ்டரம்மா. பாடுகிறேன். பாட்டு முடிந்ததும் இன்னும் மோசம். மாத்திரை எடுப்பது அவிசுவாசமோ என்று சில நாள் பாதியாக உடைத்துப் போடுகிறேன். டாக்டரிடம் சொன்னால் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயம். சாகவேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. இன்னொன்று, யாரிடமும் சொல்லாதது: அம்மாவுக்கு மூச்சு நின்றபோது ஒரு நிமிடம் 'அப்பாடா' என்று இருந்தது. நான் ஒரு மனுஷியா?

பதில்:

அன்புச் சகோதரி,

கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதன்மேல் அடுக்கி வைத்த சாமான்கள் போலத் தெரிகிறது.

வாரத்துக்கு மூன்று தடவை, நான்கு வருடம். கணக்குப் போட்டால் 600 தடவைக்கு மேல் வருகிறது. ஒரு கால் இல்லாத அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, கூட்டிப்போய், மெஷினில் இருக்கிற நான்கு மணி நேரமும் வெளியே காத்திருந்து, களைத்துப்போனவரைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். மூச்சு நின்ற அந்த நிமிடத்தில் 'அப்பாடா' என்றது உங்கள் மனம் மட்டுமா? உங்கள் முதுகும் தோளும் சேர்ந்துதான் சொல்லியிருக்கும். அம்மாவின் வேதனை முடிந்தது, உங்கள் பாரமும் இறங்கியது. இரண்டு நிம்மதியும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. அதை அம்மா சாகவேண்டும் என்று ஆசைப்பட்டதாக நீங்களே மாற்றி எழுதிக்கொண்டீர்கள்.

ஈப்போவில் இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஆலோசனை வேலையில் இருக்கிறேன். நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்ட மகள்கள், மனைவிகள், ஒன்றிரண்டு மகன்கள் இதே வார்த்தையை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் சந்திப்பில் யாரும் சொல்வதில்லை. நாலாவது தடவை, நேரம் முடிந்து எழுந்து, கதவுப்பிடியில் கை வைத்துக்கொண்டு சொல்வார்கள். நீங்களும் கடைசி வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள். மனுஷிதான் நீங்கள். ரொம்பக் களைத்துப்போன மனுஷி.

சரி, வியாதி திரும்பிவிட்டதா?

மனச்சோர்வு என்றால் எந்நேரமும் அழுவது என்று பலர் நினைக்கிறார்கள். கடுமையான சோர்வில் பலருக்கு அழுகையே வராது. சந்தோஷம், துக்கம், பசி, கோபம் எல்லாம் மரத்துப்போகும். நீங்கள் எழுதிய 'கல் மாதிரி' என்பது அதுதான். குணமாகிவரும்போது மரத்த கால் விழித்துக்கொள்வது போல உணர்ச்சிகள் திரும்பும். மரத்த கால் விழிக்கும்போது சுகமாகவா இருக்கும்? ஊசி குத்துவது போல இருக்கும். நோய் வந்து அமுக்கிவிட்டதால் அம்மாவுக்காக நீங்கள் அழவே இல்லை. அந்த அழுகைக்கு இப்போதுதான் வழி திறந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் இதோடு விட்டுவிட முடியாது. உங்கள் அழுகைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அது உங்கள் கையிலேயே இருக்கிறது: அந்தப் பாதி மாத்திரை. செர்ட்ரலின் போன்ற மருந்தை ஒரு நாள் முழுசாக, ஒரு நாள் பாதியாக, ஒரு நாள் இல்லாமல் என்று எடுத்தால் உடம்பு குழம்பிப்போகும். தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, காரணமில்லாத அழுகை எல்லாம் வரலாம். அப்படி வந்ததை 'துக்கத்தின் ஆவி' என்று பெயர் வைத்து விரட்டிக்கொண்டிருந்தால் எப்போது தீரும்? குணம் தெரிந்தபின்னும் குறைந்தது ஆறிலிருந்து ஒன்பது மாதம் இந்த மருந்தைத் தொடர வேண்டும், நிறுத்தும்போதும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஐந்து மாதத்தில் நீங்களாகவே உடைக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன், அம்மாவின் இன்சுலினை எந்த நாளாவது 'அவிசுவாசம்' என்று பாதியாகப் போட்டீர்களா? பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜெபம் மட்டும் போதும் என்று எழுதவில்லை. அவர்கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர்.

உண்மையிலேயே நோய் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டியது வேறு இடத்தில். தூக்கம் மறுபடியும் கெடுகிறதா, சாப்பாடு இறங்கவில்லையா, வேலைக்குப் போக முடியவில்லையா, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்து போகிறதா, நான் இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா? அழுதாலும் மறுநாள் எழுந்து வேலைக்குப் போகிறீர்கள், அழுது முடித்ததும் கொஞ்சம் லேசாகிறது என்றால் அது பெரும்பாலும் துக்கம். மேலே சொன்னவை கூடி வந்தால் சந்திப்புத் தேதிவரை காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

தஞ்சோங் ரம்புத்தான் பயம் எனக்கும் தெரியும். சின்ன வயதில் சேட்டை செய்தால் 'டிஆர்-க்கு அனுப்பிடுவேன்' என்று மிரட்டுகிற பேராக்கில்தானே நாமெல்லாம் வளர்ந்தோம். 1911இல் திறந்த மருத்துவமனை அது, இன்றைக்கு உலு கிந்தா பஹாகியா என்று பெயர். அங்கேயும் காலையில் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 'மாத்திரையை உடைத்தேன், அழுகை வருகிறது' என்று சொன்னதற்காக உங்களை யாரும் அங்கே அடைக்கப்போவதில்லை. டாக்டர் மருந்தின் அளவைச் சரிபார்ப்பார், தேவைப்பட்டால் மெந்தாரி என்ற சமூக மனநல மையத்துக்கோ ஆலோசகரிடமோ அனுப்புவார்.

இனி ஆண்டவர் மேல் வருகிற கோபம். பாஸ்டரம்மாவை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் படுத்துக்கிடந்தபோது உபவாசம் இருந்தவர்கள் அவர்கள். ஆனால் 'எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்ற ஒரு வசனத்தை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு மீதி வேதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88ஆம் சங்கீதத்தை இன்றைக்கு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. 'எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்' என்று இருட்டிலேயே முடிந்துபோகும். இதைத் தொகுத்தவர்களுக்கு, கடைசியில் ஒரு அல்லேலூயா சேர்த்து அழகாக முடிக்கத் தெரியாதா என்ன? சேர்க்கவில்லை. அப்படியே ஆலயத்தில் பாட வைத்தார்கள். அதனால் பாட்டுப் பாடி விரட்டச் சொன்னால், இந்தப் பாட்டைப் பாடலாமா என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். (சண்டைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்கலாம்.)

அந்தச் சங்கீதக்காரன் ஆண்டவரைப் பற்றி ஊரில் புறணி பேசவில்லை. முகத்துக்கு நேராகப் பேசுகிறான். கோபத்தோடு ஜெபிப்பது அவிசுவாசமாக எனக்குத் தோன்றவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் சண்டைகூட வராது.

தீர்க்கதரிசி எலியாவின் கதையும் உங்களுக்குத் தெரியும். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு சூரைச்செடியின் கீழே விழுந்து, 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்கிறார். தூதன் வந்து கடிந்துகொள்ளவில்லை, ஆவியை விரட்டவுமில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். ஆண்டவர் பேசுவது அதற்கெல்லாம் பிறகு. ஆகவே என் கண்டிப்பான யோசனை: முழு இரவு ஜெபத்துக்கு இப்போதைக்குப் போகாதீர்கள். தூக்கம் கெட்டால் சோர்வு திரும்புவது சுலபம். உபவாசமும் வேண்டாம், பசியாறிவிட்டு ஜெபியுங்கள். பாஸ்டர் காரணம் கேட்டால் 1 இராஜாக்கள் 19 என்று சொல்லுங்கள்.

உணர்ச்சியை நேராகப் பார்க்க வேண்டும் என்று சொல்வது எளிது. எப்படிப் பார்ப்பது? அம்மா மரம் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். கத்தி பட்டையை மெல்லிசாகச் சீவிக்கொண்டு போகும். ஆழமாக இறங்கி உள்மரத்தில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு வெட்ட உதவாமல் போகும். கிராணியிடம் திட்டும் விழும். தினமும் வெட்டினாலும் மரம் தாங்காது என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவார்கள். துக்கத்துக்கும் அந்தக் கைப்பக்குவம்தான் வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் இருபது நிமிடம். படுக்கப் போகிற நேரம் வேண்டாம். ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்து மேலே 'ஆண்டவரே' என்று எழுதுங்கள். அதற்குக் கீழே சபைத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற தமிழில் எழுதுங்கள். 'எனக்குக் கோபமா இருக்கு. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல, அம்மாவத்தான் எடுத்துக்கிட்டீங்க.' இப்படி. எழுதும்போது உடம்பில் எங்கே பிடிக்கிறது, தொண்டையிலா நெஞ்சிலா என்று கவனியுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். இருபது நிமிடம் ஆனதும் நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, கைக்கு வேலை கொடுங்கள்: பாத்திரம் கழுவலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். ராத்திரி இரண்டு மணிக்கு அதே நினைவு வந்து சுற்றினால், 'நாளை சாயங்காலம் பார்க்கலாம்' என்று சொல்லிப் பழகுங்கள். ஒரே விஷயத்தைத் தலைக்குள் சுழற்றிக்கொண்டே கிடப்பதைத் துக்கத்தை எதிர்கொள்வதாக நினைத்துவிடாதீர்கள். அது சோர்வைக் கூட்டும். சங்கீதக்காரனுடைய புலம்பலுக்குக் கேட்க ஒருவர் இருக்கிறார், முடிகிற இடமும் இருக்கிறது. எழுத எழுத மூச்சு முட்டுகிறது, தாங்கவில்லை என்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

அந்த 'அப்பாடா'வை நோட்டில் மட்டும் எழுதினால் போதாது என்று நினைக்கிறேன். ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புத்திமதி சொல்லாத ஆளாகப் பாருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் நல்ல நண்பர்கள்தான், எட்டாம் நாள் வாயைத் திறந்ததும்தான் வம்பு. உங்கள் வட்டத்தில் ஏழு நாள் ஆள் யார்?

டயாலிசிஸ் ரோட்டுக்கு மோட்டாரில் தனியாகப் போகவேண்டாம், கண் கலங்கினால் ஓட்ட முடியாது. முதலில் அந்த ஆளோடு அந்த ரோட்டு முனைவரைக்கும் நடந்து போய், பக்கத்தில் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புங்கள். நாலைந்து தடவை போனபின் சென்டர் கண்ணில் படுகிற தூரம். நெஞ்சு படபடக்கும். ஓடிவராமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் அதுவாக இறங்கும். அப்புறம் வாசல். அவசரமே இல்லை.

அப்பாவைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன், நீங்களும் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவர் முன்னால் போய் எல்லாவற்றையும் கொட்ட இது நேரமில்லை, குடித்திருக்கும்போது எந்தக் காலத்திலும் இல்லை. சீக்கிரம் மன்னித்துவிடு என்று யாராவது அவசரப்படுத்தினால், எவ்வளவு கடன் என்று தெரியாமல் எப்படித் தள்ளுபடி செய்வது என்று கேளுங்கள். அந்த நோட்டில் நீங்கள் எழுதப்போவது பாதிக்குமேல் அந்தக் கணக்காகத்தான் இருக்கும்.

சாட்சிக்கு வருவோம். 'முழு விடுதலை' என்று நீங்கள் மைக்கைப் பிடித்துச் சொன்னால், ஜனவரியில் அழுகை வரும்போது மறைந்து அழவேண்டியிருக்கும். சபையில் ஏற்கெனவே மறைந்து அழுதுகொண்டிருக்கிற இன்னும் நாலு பேர், தங்களுக்குத்தான் விசுவாசம் குறைவு என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே இங்கிலாந்தின் பெயர்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜனைச் சொல்லவேண்டும். 1856 அக்டோபரில் லண்டனில் ஒரு பெரிய அரங்கில் அவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, யாரோ 'நெருப்பு' என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்துபோனார்கள். அவருக்கு அப்போது 22 வயது. நொறுங்கிப்போனார். திரும்பப் பிரசங்க மேடை ஏறினாலும் மனச்சோர்வு ஆயுள் முழுக்க அவரிடம் வந்து வந்து போனது. அவர் அதை ஒளிக்கவில்லை, ஊழியத்துக்குப் படிக்க வந்த மாணவர்களிடமே வெளிப்படையாகப் பேசினார். அவர் பிரசங்கங்களை நம் பாஸ்டர்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்தப் பகுதியையும் காட்டலாம்.

ஆகவே இரண்டு வழி. இந்த வருடம் வேண்டாம் பாஸ்டர், இன்னும் சுகமாகிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லிவிடலாம். அதற்கு வேறு காரணம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அல்லது நின்றுதான் ஆகவேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால், இவ்வளவு போதும்: 'படுத்துக்கிடந்தேன், நீங்கள் ஜெபித்தீர்கள், கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள், எழுந்தேன். இன்னும் மருந்து எடுக்கிறேன். அம்மாவை நினைத்து இன்னும் அழுகிறேன். எனக்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள்.' இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. 'அப்பாடா' விஷயத்தை மட்டும் மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள், அது உங்களுடையது. எனக்கு விருப்பம் முதல் வழி. மூன்று மாத உண்மை அழுகைக்குப் பிறகு ஈஸ்டர் சமயத்தில் யோசித்துக்கொள்ளலாம்.

சாகவேண்டும் என்று நினைக்கவில்லை என்று நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அது எப்போதாவது மாறினால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, அல்லது சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555. அந்த எண்ணத்தை டாக்டரிடம் சொன்னால் போலீஸ் வரும் என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. வாசிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இன்று ராத்திரியிலிருந்து மாத்திரையை உடைக்காதீர்கள். நடுவில் எத்தனை நாள் விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள், ஒரு ரிங்கிட்தான் கட்டணம். டாக்டர் முன்னால் வெட்கமாக இருந்தால் பேசவே வேண்டாம். அந்தத் தாளையும் மிச்சம் இருக்கிற பாதி மாத்திரைகளையும் மேசைமேல் வைத்துவிடுங்கள்.